சமாதானப் பேரமும் கேலிப்படங்களும் (1648–1805): அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஐரோப்பாவில் 17, 18-ஆம் நூற்றாண்டுகளில் பெரிய போர் ஒன்று ஓயும் நேரத்தில் தூதர்கள் ஏதோ ஓர் ஊரில் கூடிப் பேசுவார்கள். அந்தப் பேச்சு முடிவதற்குள்ளேயே லண்டனிலும் ஆம்ஸ்டர்டாமிலும் அச்சுக்கடை ஜன்னல்களில் அதைக் கிண்டல் செய்யும் ஒற்றைத்தாள் படங்கள் தொங்க ஆரம்பித்துவிடும். அந்தப் படங்களை எப்படிப் படிப்பது, எப்படிச் செய்தார்கள், கையில் கிடைத்த பிரதி எந்தக் காலத்தது என்று கேட்பவர்களுக்கான பக்கம் இது.

இவை போருக்கு எதிரான படங்களா, சமாதானத்துக்கு எதிரான படங்களா?

பெரும்பாலும் இரண்டும் இல்லை. விலையைப் பற்றிய படங்கள். எதைக் கொடுத்தோம், எதை வாங்கினோம், நடுவில் யார் கமிஷன் அடித்தார் என்பதுதான் அவற்றின் விஷயம். போரை வெறுத்தவரும் "இந்த விலைக்கா சமாதானம்?" என்று படம் வாங்கினார், போரில் காசு பார்த்தவரும் வாங்கினார். ஒரு படத்தைப் பார்த்ததும் "இதில் எந்தப் பண்டம் கைமாறுகிறது?" என்று கேளுங்கள். முகங்களை அடையாளம் காண்பது அதற்கு அடுத்த வேலை.

சமாதானத்தைக் காட்டும் பழைய படம் எல்லாமே கேலிதானா?

இல்லை. 1648 அக்டோபர் 24 அன்று வெஸ்ட்ஃபாலியா உடன்படிக்கை கையெழுத்தானது. முன்ஸ்டரிலும் ஒஸ்னாப்ரூக்கிலும் ஆண்டுக்கணக்கில் இழுத்த பேச்சுக்குப் பிறகு முப்பதாண்டுப் போர் முடிந்தது. அப்போது வந்த புகழ்பெற்ற ஜெர்மன் ஒற்றைத்தாள் ஒன்றில், ஒரு தபால் குதிரைக்காரன் கொம்பு ஊதிக்கொண்டு பாய்ந்து வருகிறான். கீழே செய்யுளில் சமாதானச் செய்தி. அது கொண்டாட்டப் படம். அதில் கேலியைத் தேடினால் வீண் அலைச்சல்.

பிரித்துப் பார்க்க ஒரு எளிய வழி உண்டு. கொண்டாட்டப் படத்தில் சமாதானம் ஒரு தேவதை: ஆலிவ் கிளை, புறா, வானத்தில் ஒளி. கேலிப்படத்தில் சமாதானம் ஒரு வேலை: சீட்டாட்டம், பால் கறத்தல், கறி வெட்டுதல், கல்யாணப் பேச்சு, வைத்தியம். தரையில் நின்று யாராவது எதையாவது செய்துகொண்டிருந்தால் அது கேலியாக இருக்கவே வாய்ப்பு அதிகம்.

நாடுகளை எப்படி அடையாளம் காண்பது?

பிரான்ஸுக்குச் சேவல். லத்தீனில் 'காலுஸ்' என்றால் சேவலும்தான், பிரான்ஸின் பழைய பெயரான 'கால்' (Gaul) நாட்டுக்காரரும்தான். புனித ரோமப் பேரரசருக்கு இரட்டைத் தலைக் கழுகு. சிங்கம்தான் தொல்லை: நெதர்லாந்து, இங்கிலாந்து, ஸ்பெயினின் லியோன் எல்லாம் சிங்கம். கையில் அம்புக் கட்டு இருந்தால் நெதர்லாந்து.

தவளையிலும் பலர் வழுக்குகிறார்கள். இன்றைக்குத் தவளை என்றால் பிரெஞ்சுக்காரர். ஆனால் 18-ஆம் நூற்றாண்டின் பெரும்பகுதியில் ஆங்கிலப் படத்தில் வரும் தவளை டச்சுக்காரராகவே இருக்கலாம். சதுப்பு நிலத்து ஆட்கள் என்ற கிண்டல்.

மனித உருவம் என்றால் உடையைப் பாருங்கள். ஒல்லி உடம்பு, சரிகைக் கைமடிப்பு, பொடி டப்பி என்றால் பிரெஞ்சுக்காரர். கழுத்தைச் சுற்றி மடிப்புப் பட்டை, முறுக்கு மீசை என்றால் ஸ்பானியர். தொளதொளக் கால்சட்டை, வாயில் புகைக்குழாய் என்றால் டச்சுக்காரர். தொப்பை போட்ட 'ஜான் புல்' என்ற கற்பனை ஆள் ஆங்கிலேயர். லண்டன் கேலிப்பட ஓவியர் ஜேம்ஸ் கில்ரே 1783-ல் போட்ட ஒரு படத்தில் இந்த நால்வரும் ஒரே வரிசையில் நிற்கிறார்கள். அமெரிக்கா கைவிட்டுப் போயிற்று என்று ஆங்கிலேயர் புலம்ப, பிரெஞ்சுக்காரர் "ஒரு சிட்டிகை பொடி போடுறீங்களா?" என்று டப்பியை நீட்டுகிறார், ஸ்பானியருக்கு ஜிப்ரால்டர் கிடைக்காத ஆத்திரம். இந்த ஒரு படத்தை நன்றாகப் பார்த்தவருக்கு மற்ற படங்களில் பாதி புரிந்துவிடும்.

ஒரே உவமை திரும்பத் திரும்ப வருகிறதே, காப்பியா?

காப்பியும் உண்டு, மரபும் உண்டு. நல்ல உதாரணம் பசு. 16-ஆம் நூற்றாண்டுக் கடைசியிலேயே நெதர்லாந்தைக் கறவைப் பசுவாக வரைந்தார்கள்: ஸ்பெயினின் இரண்டாம் பிலிப் மேலே ஏறி உட்கார்ந்திருக்கிறார், எலிசபெத் ராணி தீனி போடுகிறார், வாலைப் பிடித்து இழுத்த ஆன்ஜூ பிரபுவின் மேல் சாணி. 1778-ல் லண்டனில் அதே பசு பிரிட்டனின் வணிகமாக வந்து நிற்கிறது. அமெரிக்கர் கொம்பை அறுக்கிறார், டச்சுக்காரர் கறக்கிறார், பிரெஞ்சுக்காரரும் ஸ்பானியரும் கிண்ணத்தோடு காத்திருக்கிறார்கள், சிங்கம் தூங்குகிறது. இடையில் 200 ஆண்டுகள். பசுவைக் கண்டால் மூன்று கேள்விகள் போதும்: கறப்பது யார், பால் யாருக்கு, கொம்பு யார் கையில்?

1762-63 படங்களில் ஏன் எங்கு பார்த்தாலும் ஒரு பெரிய பூட்ஸ்?

அது ஜான் ஸ்டூவர்ட், பியூட் பிரபு, ஏழாண்டுப் போரைச் சமாதானத்தில் முடித்த அப்போதைய பிரிட்டிஷ் பிரதமர். 'பியூட்' என்ற பெயர் ஆங்கிலத்தில் பூட்ஸைக் குறிக்கும் சொல்லோடு ஒலியில் ஒட்டும். ஜான் என்பதன் செல்லப்பெயர் ஜாக். குதிரை வீரரின் முட்டிவரை ஏறும் பூட்ஸுக்கு 'ஜாக்-பூட்' என்று பெயர். இரண்டையும் சேர்த்தால் படம் தயார். பக்கத்தில் பெண்கள் பாவாடை தொங்கினால் அது மன்னரின் தாயார் அகஸ்டா. இருவருக்கும் தொடர்பு என்ற ஊர்வம்பு. கட்டம்போட்ட ஸ்காட்லாந்துத் துணியும் முட்செடியும் அவர் ஊரைக் காட்டுபவை. நரி வந்தால் ஹென்றி ஃபாக்ஸ். அவர் பெயருக்கே நரி என்றுதான் பொருள். சமாதான முன்வரைவை நாடாளுமன்றத்தில் 319-க்கு 65 என்று தேற்றிக் கொடுத்தவர் அவர்தான். காசு கைமாறியது என்று படங்கள் சொல்லாமல் விடவில்லை.

சமாதானத்தை ஆதரித்த பக்கமும் படம் போட்டது. லண்டன் ஓவியர் வில்லியம் ஹோகார்த் 1762 செப்டம்பரில் வெளியிட்ட படத்தில் ஐரோப்பா ஒரு தீப்பிடித்த தெரு. தீயணைப்பவர் தண்ணீர் பீய்ச்சுகிறார். பொய்க்கால் மேல் நிற்கும் ஒருவர் துருத்தியால் தீயை ஊதிவிடுகிறார். அவர் கழுத்தில் தொங்கும் உருண்டைக் கல்லில் 3000 பவுண்ட் என்று எழுத்து. போரைத் தொடரச் சொன்ன வில்லியம் பிட் வாங்கிய ஆண்டு ஓய்வூதியம் அது. மாடி ஜன்னல்களில் இருப்பவர்கள் தீயை விட்டுவிட்டுத் தீயணைப்பவர் மேல் தண்ணீர் அடிக்கிறார்கள். டச்சுக்காரர் மூட்டை மேல் உட்கார்ந்து புகைக்கிறார். ஒரு எச்சரிக்கை: இதே படத்தின் ஒரு நிலையில் பொய்க்கால்காரர் பிட், இன்னொரு நிலையில் எட்டாம் ஹென்றி. தகட்டையே சுரண்டி மாற்றியிருக்கிறார். எந்த நிலை என்று சொல்லாமல் இந்தப் படத்தை விளக்கினால் வாதம் பாதியில் நிற்கும்.

ஒரு படத்தைக் கிட்டத்தில் வைத்துப் படித்துக் காட்ட முடியுமா?

கில்ரேயின் 'பத்தாண்டில் முதல் முத்தம்'. வெளியான நாள் 1803 ஜனவரி 1. பிரிட்டனும் பிரான்ஸும் 1802 மார்ச்சில் அமியாங்கில் சமாதானம் செய்துகொண்டு ஒன்பது மாதம் ஆகியிருந்தது.

பிரிட்டனைப் பெண்ணாகக் காட்டும் பருத்த பிரிட்டானியாவை, ராணுவ உடை போட்ட ஒல்லியான பிரெஞ்சுக்காரர் ஒருவர் முத்தமிடுகிறார். உங்கள் தெய்வீக உதட்டில் என் நிரந்தர அன்பை முத்திரை குத்துகிறேன் என்பது அவர் வசனம். ஆங்கிலத்தை வேண்டுமென்றே பிரெஞ்சு வாடையில் கெடுத்து எழுதியிருக்கிறார் கில்ரே. நீ என்னை மறுபடி ஏமாற்றத்தான் போகிறாய் என்று தெரியும், ஆனாலும் இவ்வளவு நளினமாக முத்தமிடுகிறாயே, மறுக்க முடியவில்லை என்கிறாள் அவள்.

இதுவரை எல்லோரும் பார்ப்பார்கள். இனி சுவரைப் பாருங்கள். பிரிட்டானியாவின் கேடயமும் ஈட்டியும் சுவரில் சாய்த்து வைக்கப்பட்டிருக்கின்றன. சமாதானத்துக்குக் கொடுத்த விலை அதுதான். அதற்கு மேலே இரண்டு உருவப்படங்கள், மூன்றாம் ஜார்ஜும் நெப்போலியனும். சட்டத்துக்குள் இருந்தபடியே ஒருவரையொருவர் முறைக்கிறார்கள். கீழே கொஞ்சல், மேலே முறைப்பு. 1803 மே 18-ல் மறுபடி போர் அறிவிப்பு வந்தது. முதலில் எழுத்தை வாசித்துவிட்டு முகத்தைப் பார்ப்பவர்களுக்கு இது காதல் ஜோக். ஓரங்களையும் பார்ப்பவர்களுக்குத்தான் நிலைமை தெரியும்.

பங்கு போடும் படங்களை எப்படிப் படிப்பது?

குரங்கு அப்பம் பங்கிட்ட கதை நமக்குத் தெரியும். 1805 பிப்ரவரி 26 அன்று கில்ரே வெளியிட்ட புட்டிங் படத்தில் அப்பம் உலக உருண்டை, வெட்டுபவர்கள் இருவர். அந்த ஜனவரியில்தான் நெப்போலியன் மூன்றாம் ஜார்ஜுக்குச் சமாதானக் கடிதம் எழுதியிருந்தார். ஒருவர் பிரிட்டிஷ் பிரதமர் பிட் (ஹோகார்த் வரைந்த பிட்டின் மகன்); அவர் கடல் பகுதியை வெட்டி எடுக்கிறார். நெப்போலியன் எழுந்து நின்று, எட்டிப்பிடித்து, ஐரோப்பாவை வெட்டுகிறார். பிட்டின் முள்கரண்டி திரிசூலம். அதற்கும் பொருள் உண்டு, கடற்படை. நெப்போலியனின் கரண்டி எங்கே குத்தியிருக்கிறது? ஹானோவரில். அது பிரிட்டிஷ் மன்னரின் பூர்வீகச் சொத்து. வெட்டும் கத்தி எங்கே போகிறது என்பதோடு கரண்டி எதில் குத்தியிருக்கிறது என்பதையும் பார்த்தால்தான் பேரம் புரியும்.

தகடு எப்படித் தயாரானது?

மேலே சொன்ன லண்டன் படங்கள் பெரும்பாலும் செப்புத் தகட்டில் எட்சிங் முறையில் செய்யப்பட்டவை. உளியால் செதுக்குவதை விட வேகம். செய்தி பழசாவதற்குள் படம் ஜன்னலுக்கு வரவேண்டுமே.

மெருகேற்றிய தகட்டின் விளிம்பை முதலில் சாய்வாக அராவ வேண்டும். இல்லாவிட்டால் அச்சில் தாளை அறுத்துவிடும். தகட்டைச் சூடாக்கி, தேன்மெழுகு, நிலக்கீல், பிசின் கலந்த பூச்சை மெல்லியதாகத் தடவி, மெழுகுத்திரிப் புகையில் கருக்குவார்கள். கறுப்பில் ஊசிக் கீறல் செம்பு நிறத்தில் பளிச்சென்று தெரியும். ஓவியத்தைத் தகட்டில் படிய வைத்து ஊசியால் பூச்சை மட்டும் கீற வேண்டும். செம்பை ஆழமாகக் கீறத் தேவையில்லை, அந்த வேலையை அமிலம் பார்த்துக்கொள்ளும். விளிம்பைச் சுற்றி மெழுகால் வரப்பு கட்டி, நீர்கலந்த நைட்ரிக் அமிலத்தை ஊற்றுவார்கள். கோடுகளில் குமிழி கிளம்பும். இறகால் அதைத் துடைத்துக்கொண்டே இருக்க வேண்டும், இல்லையென்றால் கோடு திட்டுத்திட்டாக அரிக்கும். மெல்லிய கோடு போதும் என்ற இடத்தில் அமிலத்தை வடித்து, வார்னிஷ் பூசி மூடி, மற்றவற்றுக்கு மறுபடி ஊற்றுவார்கள். தூரத்து ஆள் மெல்லிசாகவும் முன்னால் நிற்பவர் அழுத்தமாகவும் தெரிவது இதனால்தான்.

கெடுவது பெரும்பாலும் பூச்சில். தகட்டில் எண்ணெய்ப்பசை இருந்தால் பூச்சு ஒட்டாது. ஒட்டாத இடத்தில் அமிலம் நுழைந்து, வெள்ளை வானத்தில் கரும்புள்ளிகள் விழும். அப்படிப் புள்ளி விழுந்த பிரதியைப் பார்த்து "வானில் பறவைக் கூட்டம், இதற்கு என்ன குறியீடு?" என்று கேட்டவர்கள் உண்டு.

அச்சடிக்கும்போது தகட்டை இளஞ்சூட்டில் வைத்து மை தேய்த்து, துணியாலும் பிறகு உள்ளங்கையாலும் துடைத்து, ஈரப்படுத்திய தாளையும் கம்பளி விரிப்பையும் மேலே வைத்து இரண்டு உருளைகளுக்கு நடுவே ஓட்டுவார்கள். தாள் காய்ந்திருந்தால் கோட்டுக்குள் இறங்காது. அச்சு சோகை பிடித்ததுபோல் வரும்.

எழுத்தைத் தலைகீழாக எழுதியது ஏன்? சில படங்களில் வாள் இடது கையில் இருக்கிறதே?

தகட்டில் இருப்பது தாளில் இடவலமாகத் திரும்பும். அதனால் பேச்சு வளையம், தலைப்பு எல்லாவற்றையும் கண்ணாடியில் தெரிவதுபோல் எழுத வேண்டும். அவசரத்தில் ஒன்றிரண்டு எழுத்து திரும்பிக்கொள்ளும். எல்லோரும் இடது கையால் வாள் பிடித்தால், விற்பனையான படத்தைப் பார்த்து வேறொருவர் அப்படியே தகட்டில் வரைந்த திருட்டுப் பிரதி என்று சந்தேகப்படலாம். முடிவு கட்டுவதற்கு முன் மூலத்தோடு ஒப்பிடுங்கள். கலைஞரே கவனிக்காமல் விட்டதும் உண்டு.

தேதியை எப்படி நம்புவது?

1735-ல் ஹோகார்த் முயற்சியால் வந்த சட்டத்துக்குப் பிறகு, 14 ஆண்டு உரிமை வேண்டுமென்றால் உரிமையாளர் பெயரும் வெளியீட்டு நாளும் தகட்டிலேயே இருக்க வேண்டும். படத்தின் அடியில் ஓடும் அந்தச் சின்ன வரிதான் உங்கள் முதல் சான்று. பழைய ஆல்பங்களில் ஒட்டியவர்கள் அழகுக்காக ஓரத்தை வெட்டி அந்த வரியையே தூக்கி எறிந்திருக்கிறார்கள்.

அதற்கு முந்தைய ஆங்கிலப் படங்களில் நாட்காட்டிச் சிக்கல். 1752 வரை இங்கிலாந்து பழைய கணக்கிலேயே இருந்தது. 1700 வரை 10 நாள், அதன் பிறகு 11 நாள் பின்னால். உட்ரெக்ட் சமாதானம் ஐரோப்பாவில் 1713 ஏப்ரல் 11, லண்டனில் மார்ச் 31. போதாக்குறைக்கு அங்கே சட்டப்படி ஆண்டு பிறந்தது மார்ச் 25-ல். ஆகவே ஆங்கிலத்தாளில் '1712 பிப்ரவரி' என்று இருந்தால் நம் கணக்கில் அது 1713 ஆகவும் இருக்கலாம். உடன்படிக்கைக்கு முன் வந்ததா பின் வந்ததா என்று வாதிடுவதற்கு முன் இதைச் சரிபாருங்கள்.

நிறம் எதையாவது சொல்கிறதா?

அச்சில் நிறம் கிடையாது. கடையில் ஆட்களை வைத்துக் கையால் பூசினார்கள். ஒரு பிரதியில் சிவப்புக் கோட்டு, இன்னொன்றில் நீலம். நிறத்தை வைத்து மட்டும் யாரையும் அடையாளம் சொல்லாதீர்கள்.

விலை என்ன, யார் வாங்கினார்கள்?

லண்டனில் சாதாரணப் பிரதி 6 பென்ஸ், நிறம் பூசியது 1 ஷில்லிங் என்பது வழக்கமான விலை. கில்ரே காலத்தில் நல்ல படத்துக்கு அதற்கு மேலும் போனது. 18-ஆம் நூற்றாண்டு நடுவில் கூலியாளின் நாள் சம்பளம் ஏறக்குறைய 2 ஷில்லிங். எனவே வாங்கியவர்கள் வசதியானவர்கள், பார்த்தவர்கள் எல்லோரும். காபிக்கடையில் மாட்டினார்கள், ஜன்னலில் கூட்டம் கூடியது, ஒரு மாலைக்கு வாடகைக்குக்கூடப் படக்கட்டு கொடுத்தார்கள். அரண்மனையே வாங்கியது: வின்ட்சர் நூலகத்தில் சேர்ந்த ஏறக்குறைய 10,000 படங்களை 1921-ல் அமெரிக்க நாடாளுமன்ற நூலகம் விலைக்கு எடுத்துக்கொண்டது.

படத்தில் இருப்பது கலைஞரின் சொந்தக் கருத்தா?

அப்படி எடுத்துக்கொள்ளாதீர்கள். கில்ரே 1797 முதல் பிட் அரசிடம் ஆண்டுக்கு 200 பவுண்ட் பெற்றார். 1801-ல் பிட் பதவி விலகியதும் அது நின்றது. அதே ஆண்டு அக்டோபரில் புதிய அரசு பிரான்ஸோடு செய்த சமாதான முன்வரைவை அவர் கிண்டலடித்த படத்தில், ஒருகாலத்தில் பாரிஸ் வரை படைநடத்துவோம் என்று வீரம் பேசிய ஹாக்ஸ்பரி பிரபு, ஆங்கிலக் கால்வாயின் மேல் போட்ட உளுத்த பலகையில் ஊர்வலத்தை நடத்திப் போகிறார். நவம்பரில், சமாதானத்தை எதிர்த்த வில்லியம் விண்டமின் கெட்ட கனவைப் படமாக்கினார். அது விண்டமுக்கு ஆதரவா, விண்டமையே கேலியா? இரண்டு பக்கத்துக்காரரும் வாங்கும்படி வரைந்திருக்கிறார் என்பதே நம் கணிப்பு. கடைக்காரி ஹன்னா ஹம்ஃப்ரியின் வீட்டில்தான் அவர் குடியிருந்தார். எந்தப் படம் விற்கும் என்று தெரியாமலா இருக்கும்?

நம் கரையோரத்துக்கும் இந்தப் பேரங்களுக்கும் தொடர்பு உண்டா?

நேரடியாகவே உண்டு. 1746-ல் பிரெஞ்சுக்காரர் பிடித்த சென்னை, 1748 எக்ஸ்-லா-ஷபேல் உடன்படிக்கைப்படி ஆங்கிலேயருக்குத் திரும்பியது. பதிலுக்குக் கனடாக் கரையில் கேப் பிரெட்டன் தீவின் லூயிஸ்பர்க் கோட்டை பிரான்ஸுக்குப் போனது. அதை ஒப்படைக்கும் வரை இரண்டு ஆங்கிலப் பிரபுக்கள் பிணையாகப் பாரிஸில் இருக்க வேண்டியதாயிற்று. லண்டன் படங்களுக்குத் தீனி அந்த அவமானம்தான். 1761-ல் ஆங்கிலேயர் பிடித்த புதுச்சேரி 1763 பாரிஸ் உடன்படிக்கையில் பிரான்ஸுக்குத் திரும்பியது. முகமது அலியைக் கர்நாடக நவாபாக ஏற்றதும் அதிலேதான். 1802 அமியாங்கில் இலங்கையின் டச்சுப் பகுதிகள் பிரிட்டனுக்கு உறுதியாயின. அதே தாளில் பிரான்ஸுக்குத் திருப்பித் தருவதாகச் சொன்ன புதுச்சேரியை நிஜமாகக் கொடுத்தது 1816-ல்.

ஆனால் படங்களில் தேடினால் கேப் பிரெட்டன், கனடா, ஜிப்ரால்டர் என்ற பெயர்களே அடிக்கடி கண்ணில் படும்.

என்னிடம் ஒரு கில்ரே அச்சு இருக்கிறது. அசலா?

முதலில் பின்பக்கத்தைத் திருப்புங்கள். அங்கேயும் ஒரு படம் அச்சாகியிருந்தால், அது அவர் இறந்த பிறகு, 19-ஆம் நூற்றாண்டு நடுவில் ஹென்றி போன் என்ற பதிப்பாளர் அதே பழைய தகடுகளிலிருந்து தடித்த தாளில் எடுத்த பதிப்பு. தகடு அசல், காலம் பின்னது, விலையும் குறைவு. அடுத்து படத்தைச் சுற்றித் தகடு அழுந்திய பள்ளம் இருக்கிறதா என்று விரலால் தடவுங்கள். இல்லையென்றால் ஓரம் வெட்டியதாகவோ பிற்காலப் புகைப்பட மறுபதிப்பாகவோ இருக்கலாம். பூதக்கண்ணாடியில் கோடுகள் புள்ளிகளாகச் சிதறினால் மறுபதிப்பு என்றே வைத்துக்கொள்ளலாம். தாளை வெளிச்சத்தில் பிடித்து நீர்க்குறியைப் பாருங்கள்; 1790-களுக்குப் பிந்தைய ஆங்கிலத் தாள்களில் ஆண்டே இருக்கும். நீர்க்குறி ஆண்டு தகட்டின் தேதிக்குப் பிந்தியிருந்தால் அது பிறகு எடுத்த அச்சு.

எங்கே பார்க்கலாம்?

பிரிட்டிஷ் மியூசியத்தின் கேலிப்படப் பட்டியல்தான் ஆதாரநூல். 1770 வரை ஃப்ரெடரிக் ஜார்ஜ் ஸ்டீஃபன்ஸ், அதற்குப் பிறகு 1832 வரை டாரதி ஜார்ஜ் தொகுத்தது. 17,000-க்கு மேற்பட்ட பதிவுகள். ஒவ்வொரு படத்துக்கும் எண் உண்டு, பேச்சு வளையத்து எழுத்து முழுதும் படியெடுத்திருக்கும். முத்தப் படம் 9960, புட்டிங் படம் 10371. டச்சுப் படங்களுக்கு ரைக்ஸ்மியூசியத்தின் இணையத் தொகுப்பு. தலைப்பை வைத்துத் தேடாமல் எண்ணை வைத்துத் தேடுங்கள். ஒரே படத்தின் தலைப்பை நாலு பேர் நாலு விதமாகச் சுருக்கியிருப்பார்கள், எண் மாறாது.